கணினிப் பாடத்தால் பலன் உண்டா? எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

குஜராத்தில் கியான் ஷாலா பள்ளிகளில் லீ லின்டன் என்ற பொருளியலாளர் ஓர் ஆய்வு நடத்தினார். அதில் சோதித்தது இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை. ஓர் ஏற்பாட்டில், பள்ளி நேரத்திலேயே பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துப்போய்க் கணினி முன் உட்கார வைத்தார்கள். இன்னோர் ஏற்பாட்டில் வகுப்பு வழக்கம்போல நடந்தது. கணினி நேரம் பள்ளிக்கு முன்னோ பின்னோ கூடுதலாகக் கிடைத்தது. முதல் ஏற்பாட்டில் மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) சரிந்தது. இரண்டாவதில் 0.28 ஏறியது. இரண்டிலும் மென்பொருள் ஒன்றுதான்.

கணினிவழிக் கற்பித்தல் பற்றிய எந்த ஆய்வறிக்கையைக் கையில் எடுத்தாலும் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒரு மென்பொருள் நல்லதா என்று கேட்பவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். அது எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஒப்பிடப்பட்ட குழு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் மீதிப் பாதி. இந்தத் துறையில் மதிப்பீட்டுக்கு நாலைந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு எதிராளியை நிறுத்துகிறது. அதனால்தான் பதில்களும் ஒத்துப்போவதில்லை.

கணினியா, வகுப்பா?

பழையதும் பிரபலமானதும் இதுதான். ஒரு குழுவுக்குக் கணினி, இன்னொரு குழுவுக்கு வழக்கமான வகுப்பு, இறுதியில் இருவருக்கும் ஒரே தேர்வு. ஜேம்ஸ் கூலிக்கும் சென்-லின் கூலிக்கும் 1991இல் இப்படிப்பட்ட 254 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரியாக 0.30 திட்ட விலக்கம் கணினிப் பக்கம் சாய்ந்திருந்தது. நூறு பேர் வரிசையில் 50ஆவது இடத்தில் நிற்கும் மாணவர் ஏறத்தாழ 62ஆவது இடத்துக்கு முன்னேறுகிறார் என்று இதற்குப் பொருள். மோசமில்லை.

ஆனால் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிளார்க் 1983லேயே இதில் ஓர் ஓட்டையைக் காட்டியிருந்தார். கணினிப் பாடத்தையும் வகுப்புப் பாடத்தையும் ஒரே ஆசிரியர் தயாரித்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. கணினிப் பாடத்துக்கு ஒரு குழு உட்கார்ந்து மாதக்கணக்கில் உழைக்கிறது. எதிரே நிற்கும் வகுப்பை ஒருவர் தன் பழைய குறிப்பை வைத்து நடத்துகிறார். அப்படியானால் ஜெயித்தது கணினியா, உழைப்பா? மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியால் நம் உடலில் சத்து ஏறுவதில்லை, ஊடகமும் அப்படிப்பட்ட வண்டிதான் என்றார் கிளார்க். ராபர்ட் கோஸ்மா 1991இல் மறுத்து எழுதினார்: சில ஊடகங்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு, அவை சில மாணவர்களுக்குச் சில பாடங்களில் உதவும் என்பது அவர் வாதம். 1994இல் இருவரும் மறுபடி மோதிக்கொண்டார்கள். கொள்கை அளவில் கோஸ்மா சொல்வதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் கணினியையும் வகுப்பையும் மோதவிடும் ஆய்வுகளைப் படிக்கும்போது கிளார்க்கின் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதுதான் பாதுகாப்பு.

இந்த வழியில் இன்னொரு பொறி இருக்கிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 1970களில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இரண்டு பெரிய கணினிப் பாடத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்தது: இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ ஒன்று, மைட்டர் நிறுவனமும் பிரிகம் யங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த டிக்கிட் இன்னொன்று. டிக்கிட்டின் விசைப்பலகையே தனி ரகம். 'விதி', 'எடுத்துக்காட்டு', 'பயிற்சி', 'எளிது', 'கடினம்', 'உதவி', 'ஆலோசனை' என்று கற்றலுக்கென்றே தனி விசைகள். விதியை முதலில் படிப்பதா, நேரே பயிற்சிக்குப் போவதா, எடுத்துக்காட்டு கடினமாக இருந்தால் எளிதானது கேட்பதா என்பதையெல்லாம் மாணவரே அழுத்தித் தீர்மானிப்பார். எவ்வளவு வேகம், எந்த வரிசை என்பதும் அவர் கையில்.

இரண்டையும் மதிப்பிட்டது இ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனம். பிளேட்டோவால் மதிப்பெண்ணில் நிலையான மாற்றம் எதுவும் தெரியவில்லை. டிக்கிட்டிலோ, பாடத்தை முடித்தவர்கள் வகுப்பில் படித்தவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். வெற்றி என்று எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கணிதப் பாடத்தை முடித்தவர்கள் எத்தனை பேர்? விரிவுரை வகுப்பில் சுமார் 50 சதவீதம். டிக்கிட்டில் சுமார் 16 சதவீதம். பாதியில் விட்டவர்கள் இறுதித் தேர்வு எழுத வருவதில்லை, அதனால் சராசரியிலும் வருவதில்லை. தன் வேகத்தில் போகலாம் என்ற சுதந்திரம், போகாமலே இருந்துவிடும் சுதந்திரமாகவும் ஆகிவிட்டது. இன்றைய இணையப் படிப்புகளின் விளம்பரத்தில் 'முடித்தவர்களில் இத்தனை சதவீதம்' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைப் பார்த்தால் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று நான் தேடத் தொடங்கிவிடுவேன்.

பாடம் ஒன்றே, மாற்றம் ஒன்றே

கிளார்க்கின் விமர்சனத்துக்குப் பிறகு பலர் வேறு பக்கம் திரும்பினார்கள். கணினியையும் ஆசிரியரையும் மோதவிடாமல், ஒரே கணினிப் பாடத்தின் இரண்டு வடிவங்களை மோதவிடுவது. ரிச்சர்ட் மேயர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் செய்த சோதனைகள் இதற்கு நல்ல உதாரணம். மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் குட்டி அசைபடம், 140 விநாடி. ஒரு குழுவுக்குப் படமும் குரலும். இன்னொரு குழுவுக்கு அதே படம், அதே குரல், கீழே அதே சொற்கள் எழுத்திலும் ஓடும். பிறகு இருவரிடமும் கேட்பது 'மின்னல் என்றால் என்ன' என்றல்ல; 'மின்னலின் வலுவைக் குறைக்க என்ன செய்யலாம்' என்பது போன்ற, பாடத்தில் நேரடியாகச் சொல்லப்படாத கேள்வி. எழுத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள்தான் பின்தங்கினார்கள். படத்தையும் எழுத்தையும் கண் ஒரே நேரத்தில் துரத்த வேண்டியிருக்கிறது. சுவைக்காகச் சேர்த்த துணுக்குச் செய்திகளும் இதேபோல் புரிதலைக் கெடுத்தன.

பாடம் வடிவமைப்பவருக்கு இதைவிட நேரடியாக உதவும் ஆய்வு வகை இல்லை என்பேன். நாளைக் காலை எதை நீக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று சொல்கிறது. எதிராளியும் நேர்மையானவர்: ஒரே பாடம், ஒரே நேரம், ஒரே தேர்வு.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு நிமிடப் பாடம், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், பாடம் முடிந்த கையோடு தேர்வு. ஆறு மாதப் பாடத்திட்டத்தில் இந்த விதி நிற்குமா என்பதற்கு இந்தச் சோதனை உத்தரவாதம் தராது. காது கேட்பதில் சிரமம் உள்ளவருக்கும், பாடமொழி தாய்மொழியாக இல்லாதவருக்கும் திரையில் ஓடும் எழுத்து தேவைப்படும். முன்னறிவும் கணக்கைப் புரட்டிப்போடுகிறது: புதியவருக்குக் கைகொடுக்கும் படிப்படியான விளக்கம் தேர்ந்தவருக்குத் தடையாகிறது என்று கல்யூகா, ஸ்வெல்லர் உள்ளிட்டோர் 2003இல் தொகுத்துக் காட்டினார்கள். தாமஸ் ரீவ்ஸ் 1993லேயே ஒரு படி மேலே போய், கட்டுப்பாட்டை மாணவரிடம் விடுவது பற்றி அதுவரை வந்த கணினிப் பாட ஆய்வுகளில் பலவற்றைப் போலி அறிவியல் என்றே எழுதினார். சில நிமிடப் பாடத்தில் மாணவருக்குக் கட்டுப்பாட்டைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்பது அவருடைய கோபங்களில் ஒன்று.

பெருங்களச் சோதனை

பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆண்டுக்கணக்கில் பார்ப்பது. அரசுகள் நம்புவது இதைத்தான். 2007இல் அமெரிக்கக் கல்வித் துறைக்காகச் செய்த சோதனையில் வாசிப்பு, கணக்கு இரண்டுக்குமாக 16 மென்பொருள்கள். முதல் ஆண்டு முடிவில் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2014இல் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு 147 பள்ளிகளில் காக்னிட்டிவ் டியூட்டர் அல்ஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளைச் சோதித்தது. முதல் ஆண்டில் ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் 0.20 திட்ட விலக்கம் முன்னேற்றம். ஓராண்டோடு நிறுத்தியிருந்தால் 'பயனில்லை' என்ற முத்திரையோடு கோப்பை மூடியிருப்பார்கள்.

இதற்கு எதிரில் கர்ட் வான்லேன் 2011இல் தொகுத்த எண்ணை வைத்துப் பாருங்கள். மாணவரின் ஒவ்வொரு படியையும் கவனித்து வழிகாட்டும் மென்பொருள்களுக்கு 0.76, தனிப்பயிற்சி தரும் மனித ஆசிரியருக்கு 0.79. கிட்டத்தட்டச் சமம். கூடவே ஒரு பழைய கனவும் கலைந்தது: தனிப்பயிற்சியால் 2 திட்ட விலக்கம் ஏறும் என்று கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதியதை இந்தத் துறை நெடுங்காலம் இலக்காகப் பிடித்துக்கொண்டிருந்தது. 0.76 எங்கே, 0.20 எங்கே என்று திகைக்க வேண்டாம். வான்லேனின் தொகுப்பில் பயிற்சியே பெறாதவர்கள் எதிராளி. ராண்ட் ஆய்வில் எதிரே இருந்தது ஆசிரியரும் பாடநூலும் உள்ள முழு வகுப்பு. தேர்வும் ஒன்றில் பாடத்தை ஒட்டியது, மற்றதில் பொதுவானது.

களச் சோதனையின் பெரிய பலவீனம், ஏன் என்று அது சொல்வதில்லை. முடிவு வரும்போது மென்பொருளின் பதிப்பும் மாறியிருக்கும்.

பதிவேடும் பக்கத்து நாற்காலியும்

இப்போது இணையத் தளங்கள் எல்லாம் விரும்புவது ஏ/பி சோதனை. பாதிப் பேருக்கு ஒரு குறிப்பு, மீதிப் பேருக்கு வேறொரு குறிப்பு, ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள். மலிவு, வேகம், மாணவருக்கே தெரியாமல் நடக்கும் குலுக்கல். ஆனால் பதிவேட்டில் ஒரு வரியை உற்றுப் பார்ப்போம். 402இலிருந்து 178ஐக் கழிக்கும் கணக்கு. மாணவர் 'உதவி' பொத்தானை அழுத்துகிறார். அடுத்த விநாடி மறுபடி. மறுபடி. மூன்றாவது குறிப்பு விடையையே சொல்லிவிடுகிறது. 224 என்று தட்டுகிறார். பதிவேட்டில் 'சரி, உதவியுடன்'. குறிப்பு ஒன்றையும் அவர் படிக்கவில்லை. கடன் வாங்குவது இன்னும் அவருக்குத் தெரியாது. இப்படி அமைப்பை ஏய்க்கும் மாணவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்று ரையன் பேக்கர் குழு 2004இல் காட்டியது. 'முடித்த கணக்குகளின் எண்ணிக்கை' என்பதை அளவுகோலாக வைத்திருக்கும் ஏ/பி சோதனை, விடையைச் சீக்கிரம் கொடுத்துவிடும் வடிவத்துக்கே பரிசு கொடுக்கும்.

மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆன் பிரவுனும் ஆலன் காலின்ஸும் 1992இல் முன்வைத்த வடிவமைப்புச் சோதனை அந்த வகை: வகுப்பிலேயே பாடத்தைப் போட்டு, பார்த்து, திருத்தி, மறுபடி போடுவது. இதில் எதிராளி போன மாதத்துப் பதிப்பு. ஆய்வாளரே வடிவமைப்பாளராகவும் இருப்பதால் சொந்தப் பிள்ளையைத் தானே மெச்சும் ஆபத்து இதில் அதிகம். முடிவை வேறிடத்துக்கு எடுத்துப்போவதும் கடினம். ஆனாலும் பாடம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் நான் முதலில் பணம் போடுவது இதில்தான். வடிவம் ஓரளவு நிலைத்தபின் மேயர் பாணியில் இரண்டு மூன்று கூறுகளைத் தனித்தனியே சோதிப்பேன். ஏ/பியை வைத்துக்கொள்வேன், ஆனால் அளவுகோல் அந்த அலகு முடிந்தபின் குறிப்பில்லாமல் எழுதும் தேர்வாக இருக்க வேண்டும். பெருங்களச் சோதனை, ஒரு மாநிலமோ நாடோ வாங்கப்போகும்போது மட்டும். அதுவும் குறைந்தது இரண்டு ஆண்டு. கணினிக்கும் வகுப்புக்கும் போட்டி வைக்கும் ஆய்வுக்கு என் கையிலிருந்து காசு போகாது.

எந்த வழியில் போனாலும் தாமதத் தேர்வு ஒன்றைச் சேர்த்தே கேட்பேன். வடோதராவில் பானர்ஜி, டுஃப்லோ, கோல், லின்டன் ஆகியோர் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில் கணினிக் கணக்குப் பாடம் மதிப்பெண்ணை 0.47 திட்ட விலக்கம் உயர்த்தியது. அந்த ஆய்வுக் கட்டுரை அதோடு நிற்கவில்லை. அதே கட்டுரையில் கணினிப் பாடத்தோடு பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி வகுப்புத் திட்டமும் உண்டு. திட்டங்கள் முடிந்து ஓராண்டு கழித்து மறுபடி தேர்வு வைத்தபோது மிச்சமிருந்தது சுமார் 0.10.