பிரேசர் மலைப் பறவைப் பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

"பிரேசர் மலையில் ஒருநாள் பறவை பார்க்கலாம்" என்ற விளம்பரம் கோலாலம்பூர் புலனக் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. தலைக்கு 180 வெள்ளி. வேன், வழிகாட்டி, தொலைநோக்கி, பசியாறல் எல்லாம் அதில் அடக்கமாம். பெரிய அலகுள்ள இருவாட்சிப் பறவை கண்டிப்பாகத் தெரியுமாம். காட்டுப் பறவைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். இதே ஏற்பாட்டாளரிடம் எங்கள் குழு கட்டி ஏமாந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேன் கிளம்பியதே காலை 7.30க்கு. கோல குபு பாருவில் பசியாறிவிட்டு மேலே போய்ச் சேரும்போது பத்தரை. மலைக்காட்டில் விடிந்த பிறகு முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் பொன்னானது. சிபியா, மேசியா, கரிச்சான் போன்ற பறவைகளெல்லாம் கலந்து ஒரே கூட்டமாக மரத்துக்கு மரம் இரை தேடிப் போகும். வெயில் ஏறினால் அடங்கிவிடும். தலைநகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், கடைசிப் பகுதி முழுக்க வளைவு. இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். ஆகவே விடியற்காலை 4.30க்கே கிளம்பும் பயணம்தான் சரியான பயணம்.

தொலைநோக்கி 8×42 (பெருக்கம் 8 மடங்கு, முன்வில்லை 42 மில்லிமீட்டர்) என்று சொன்னார்கள், கையில் கொடுத்ததோ 10×25. முன்வில்லையின் அளவைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள்: முதலாவதில் 5 மில்லிமீட்டருக்கு மேல், இரண்டாவதில் வெறும் 2.5. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நிழலடர்ந்த காட்டில் 10×25 வழியே பார்த்தால் பறவை கருநிழலாகத்தான் தெரியும், நிறம் பிடிபடாது. சிலவற்றில் இரு குழல்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேனில் ஏறுமுன் தூரத்து விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

இருபது பேருக்கு ஒரே வழிகாட்டி. ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகும் நாலைந்து பேருக்குத்தான் ஏதாவது தெரியும். எட்டுப் பேருக்கு ஒருவர் என்பதே எங்கள் கணக்கில் உச்சம். எங்கள் வழிகாட்டியோ ஒலிபெருக்கியில் குக்குறுவான் என்ற பறவையின் குரலை விடாமல் ஓடவிட்டார். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுப் பறவை விரட்ட வரும். பார்த்தவுடன் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. இது எங்களுக்குப் பணம் போனதைவிட வலித்தது.

மறுநாள் அனுப்பிய பறவைப் பட்டியலில் மேங்ரோவ் பிட்டா இருந்தது. கோல சிலாங்கூர் போன்ற கடலோரச் சதுப்புக்காட்டில் வாழும் பறவை அது. ஆயிரம் மீட்டருக்கு மேல் அதற்கென்ன வேலை? எங்கோ எடுத்த பட்டியலைத் தேதி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் புலனத்தில் எங்களைத் தடுத்துவிட்டார்கள்.

கட்டுவதற்கு முன் நிறுவனத்தின் சுற்றுலா உரிம எண்ணைக் கேட்டு, சுற்றுலா அமைச்சின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள். வழிகாட்டிக்கும் தனி உரிம அட்டை உண்டு. இயற்கை வழிகாட்டிக்குப் பச்சை நிறம். பணத்தைத் தனியாள் வங்கிக் கணக்கில் போடாமல் நிறுவனப் பெயரில் போட்டு, ரசீது வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுகளுக்குள். வழக்கறிஞர் தேவையில்லை. விளம்பரம், ரசீது, புலன உரையாடல் மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். விளம்பரத்தை அவர்கள் அழித்துவிடுவார்கள், முதலில் அதைப் படம்பிடியுங்கள்.