வேகத்தடை மேடா, நடைபாதையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பள்ளிக்கூடச் சாலைக்கு முதலில் எதைக் கேட்பது என்று பல பெற்றோருக்குக் குழப்பம்.

செலவு: மேடு மலிவு, சீக்கிரம் போட்டுவிடலாம். நடைபாதைக்கு இடமும் வேண்டும், கால்வாய்க்கு மூடியும் வேண்டும்.

எவ்வளவு காலம் உழைக்கும்: செம்பனைக் குலை லோரிகள் ஏறி ஏறித் தார் மேடு தேயும். மஞ்சள் கோடுதான் முதலில் அழியும். கோடு அழிந்த மேடு மழை இரவில் மோட்டாரில் வருபவரைத் தூக்கி எறிந்துவிடும். கொங்கிரீட் நடைபாதை பல வருஷம் தாங்கும்.

பாதுகாப்பு: பிரேக் பிடித்த பின், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டியைவிட 50இல் வருவது ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். அந்த வேகத்தைக் குறைக்க வைப்பது மேடுதான். ஆனால் சாலையோர வெள்ளைக் கோட்டின்மேல் பேரன் கையைப் பிடித்து நடக்கும் பாட்டிக்கு மேடு இடம் தராது. இதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, பள்ளி வாசலுக்கு மேடு. தோட்டத்து வீடுகளிலிருந்து கடைத்தெருவரை நடைபாதை. கூட்டரசு சாலை என்றால் மனுவைப் பொதுப்பணித் துறைக்கு அனுப்புங்கள். உட்சாலை என்றால் நகராண்மைக் கழகத்துக்கு.