மாசம் ஆறாயிரம் ரூவா: மாமாவுக்கு காப்பீட்டு அட்டை எடுக்க அலைஞ்ச கதை

சிங்கப்பூர்லேந்து இந்த தடவை ஊருக்குப் போனதுல கல்யாணம், குலதெய்வம், சொந்தக்காரங்க வீட்டு விருந்து எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதெல்லாம் எழுதப் போறதில்ல. எழுத வந்தது ஒரே ஒரு பேப்பர் பத்தி. வருமானச் சான்று.

எங்க மாமா (அம்மாவோட அண்ணன்) கொல்லைல துணி துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. 108 வந்துச்சு, டெல்டா பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில (பேர் வேணாம், எல்லா ஊர்லயும் இதே கதைதான்) சேத்தாச்சு, எக்ஸ்ரே எடுத்தாங்க, ஆர்த்தோ வார்டுல பெட் குடுத்து கால்ல வெயிட் கட்டி விட்டாங்க. இவ்வளவுக்கும் ஒருத்தரும் ஒத்த ரூவா கேக்கல, என்ன சம்பாதிக்கிறீங்கன்னும் கேக்கல. சிங்கப்பூர்ல எமர்ஜென்சிக்குள்ள காலை வச்சாலே நூறு வெள்ளிக்கு மேல எடுத்து வைக்கணும். எனக்கு பெருமையா இருந்துச்சு, வாட்சப் குரூப்ல எல்லாம் போட்டேன், நம்ம ஊரு ஜி.எச்ச யாரும் இனிமே குறை சொல்லாதீங்கன்னு.

மறுநாள் ரவுண்ட்ஸ்ல பி.ஜி டாக்டர் ஒரு பொண்ணு வந்து "தாத்தா, காப்பீட்டு கார்டு இருக்கா?"ன்னாங்க. பந்து மூட்டு மாத்தணுமாம். ஆபரேஷன் ஃப்ரீதான், கார்டு இல்லாட்டியும் பண்ணுவோம், ஆனா இம்ப்ளான்ட் ஸ்டோர்ல இருந்து வரணும், காப்பீட்டுல போட்டா உடனே வாங்கிடலாம்னு சொன்னாங்க. விஷயம் என்னன்னா, அரசு ஆஸ்பத்திரியே காப்பீட்டுத் திட்டத்துல கிளைம் போட்டு பணம் வாங்கிக்குது, நமக்கு எப்படியும் இலவசம்தான், ஆனா நம்ம அட்டை இருந்தா ஆஸ்பத்திரிக்கு வருமானம். அதனால ஏழைன்னு நிரூபிக்க வேண்டியது நம்ம வேலையா ஆயிடுது.

அத்தை வீட்டுக்கு ஓடி டிரங்கு பெட்டியக் கிளறி பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா சுத்தி வச்சிருந்த அட்டையக் கொண்டாந்தாங்க. பாத்தா 2009ல குடுத்த கலைஞர் காப்பீட்டு அட்டை! அதுக்கப்புறம் 2012ல ஜெயலலிதா முதலமைச்சரின் விரிவான திட்டம்னு மாத்தி, 2018ல மத்திய அரசு திட்டத்தோட சேத்து, இப்ப குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் வந்தாச்சு, எங்க அத்தை மட்டும் 2009லயே நிக்கிறாங்க. காப்பீட்டு கவுண்டர்ல இருந்த தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "அண்ணே, இத மியூசியத்துல வைக்கலாம்ணே"ன்னான். சிரிச்சுக்கிட்டே வருமானச் சான்று ஃபார்மை எடுத்து நீட்டுனான், "வி.ஏ.ஓகிட்ட 72ன்னு போட்டு வாங்கிட்டு வந்துருங்க."

இந்த 72 எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். முன்னாடி வருஷ வருமானம் 72,000க்குள்ள இருந்தாத்தான் அட்டை, அதாவது மாசம் ஆறாயிரம். 2022லயே அந்த வரம்ப 1,20,000ன்னு ஏத்திட்டாங்க, ஆனா ஊர்ல பேனா இன்னும் 72லதான் ஓடுது. டீக்கடைக்காரருக்கும் 72, ரெண்டு மாடி வீடு கட்டுனவருக்கும் 72, ஒரு வேளை சோத்துக்கு வழியில்லாதவருக்கும் அதே 72. ஒரு தமிழ்நாடே மாசம் ஆறாயிரத்துல குடித்தனம் பண்ணுது.

வி.ஏ.ஓ ஆபீஸ்ல காலைலேந்து உக்காந்து, அவரு வந்ததும் அத்தை விவரம் சொன்னாங்க. மனுஷன் ஃபார்ம பாக்கல, என்னையத்தான் பாத்தாரு. மொதல்ல ஷூ, அப்புறம் கைக்கடிகாரம், அப்புறம் மூஞ்சி. "இவரு யாரும்மா?" "சிங்கப்பூர்ல இருக்குற எங்க நாத்தனார் மவன் சார்." முடிஞ்சுது. "மாசாமாசம் அனுப்புவாரா?" அத்தை பதறிப் போய் "அய்யோ இல்ல சார், தீபாவளிக்கு துணி எடுக்க ஏதோ குடுக்கும்"னாங்க. எனக்கு கோவம் தலைக்கேறிடுச்சு. நான் அனுப்புறது எங்க அம்மாவுக்கு, மாமா ரேஷன் கார்டுல என் பேரு கிடையாது, திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்குற அவரு பையனே தனி கார்டு, என் சம்பளம் இங்க எப்படி சார் வருதுன்னு கேட்டேன். அவரு ரொம்ப நிதானமா "வருதுன்னு நான் சொல்லலியே சார், சும்மா கேட்டேன்"னாரு.

இத்தனைக்கும் மாமா நிலம் எவ்வளவு, என்ன பயிருன்னு அவரு கையிலயே அடங்கல் இருக்கு. கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்டா பணம் பேங்க்ல ஏறுது, அதுக்கும் கணக்கு இருக்கு. அதெல்லாம் ஒரு தடவை கூட புரட்டல. ஏசி இருக்கா, வண்டி இருக்கா, கூரையா மெத்தையான்னு வாய்வார்த்தையா கேட்டுட்டு கடைசில எழுதுனது என்ன? 72,000தான்! அத முதல்லயே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே. தலையாரி வெளிய வந்து தலைய சொறிஞ்சாரு, அந்த வழக்கம் உங்களுக்கே தெரியும்.

அதோட விட்டுச்சா. கலெக்டர் ஆபீஸ் அட்டை மையத்துக்குப் போனா குடும்பத் தலைவர் நேர்ல வரணும்ங்கிறாங்க. குடும்பத் தலைவர் கால்ல செங்கல்லு மாதிரி வெயிட் தொங்க வார்டுல படுத்திருக்காருன்னு சொன்னா, அப்ப இன்பேஷன்ட்னு ஆஸ்பத்திரில சீல் வச்சு லெட்டர் வாங்கியாங்கங்கிறாங்க. திரும்பி பஸ் புடிச்சு வந்தா சீல் வைக்கிறவரு சாப்புட போயிட்டாரு. அத்தைக்கு சுகர் வேற, மர நிழல்ல உக்காத்தி வச்சுட்டு நான் மட்டும் மாடி ஏறி இறங்குறேன், அப்ப சிங்கப்பூர நெனச்சு ஏங்குனேன், பொய் சொல்லல.

அங்க எப்படின்னா, 2009 ஜனவரி 1ல இருந்து அரசு ஆஸ்பத்திரில படுத்தா வருமானத்தப் பாத்துத்தான் மானியம். அதுக்கு முன்னாடி வார்டுதான் கணக்கு, ஏசி தனி ரூம் ஏ கிளாஸ்னா மானியமே கிடையாது, ஃபேன் காத்துல பத்துப் பேரோட படுக்குற சி கிளாஸ்னா அதிக மானியம், வசதியானவன் தானா சி கிளாஸுக்கு வரமாட்டான்னு ஒரு நம்பிக்கை. அவன் வந்தான். அதனால வருமானத்தக் கொண்டாந்தாங்க. இப்ப வீட்டுல மொத்தம் எத்தனை பேரு, தலைக்கு எவ்வளவு வருமானம்னு கம்ப்யூட்டரே எடுத்துக்குது, யாருக்குமே சம்பளம் இல்லாத வீடுன்னா வீட்டோட வருஷ மதிப்ப, அதாவது வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்வளவு வரும்ங்கிற கணக்கப் பாக்குது. என் வீட்டுக்காரிக்கு பித்தப்பை ஆபரேஷன் பண்ணப்ப பி2 வார்டு (ஏக்கும் சிக்கும் நடுவுல), கவுன்டர்ல ஒரு கையெழுத்து, உத்தேச பில் கைக்கு வந்துருச்சு. நாங்க பி.ஆர் (நிரந்தரவாசி, குடியுரிமை இல்ல)ங்கிறதால சிட்டிசனவிட மானியம் கம்மி, அதுவும் அதுலயே போட்டிருந்துச்சு. யாரும் என் ஷூவப் பாக்கல.

ஆனா அங்கயும் அழுவுறவங்க உண்டு. எங்க புளோக்ல ஒரு பெரியவர், மகன் வீட்டுலதான் இருக்காரு, மகனுக்கு நல்ல சம்பளம், அப்பனுக்கு காப்பி காசு கூட குடுக்க மாட்டான். ஒரே அட்ரஸ், அதனால கம்ப்யூட்டர் கணக்குல பெரியவரும் வசதிக்காரரு. ஏன் மானியம் குறைஞ்சுதுன்னு எங்கிட்ட பில்லத் தூக்கிட்டு வந்தாரு. அவரு எங்க ஊர்ல இருந்திருந்தா வி.ஏ.ஓ கண்ண மூடிக்கிட்டு 72 போட்டிருப்பாரு.

சரி வார்டுக்கு வர்றேன். மாமாவுக்கு இந்தப் பக்க பெட்டுல இருந்தவரோட பையன் இன்னோவால வந்து இறங்குறான், அவங்ககிட்ட அட்டை இருக்கு, எழுபத்திரெண்டுதான். எதிர் பெட்டுல நடவுக்குப் போற ஒரு அம்மாவோட தம்பி, அவனுக்கு துணைக்கு அந்தம்மாதான், அவங்களுக்கே முழங்கால் தேஞ்சு நடக்க முடியல, ஆனா அட்டை எடுக்க முடியாதாம். புருஷன் விட்டுட்டு போயி வேற மாவட்டத்துல இருக்கான், ரேஷன் கார்டுல பேரு இன்னும் அங்கதான், பேர நீக்குனாத்தான் இங்க புதுசு போட முடியும், நீக்க அவன் வரணும். அந்தம்மாவுக்கு வருமானச் சான்று கூட கிடைச்சுருச்சு, மடிச்சு மடிச்சு நைஞ்சு போயி பைக்குள்ள இருக்கு.

இன்னொரு பையன் பைக் ஆக்சிடென்ட், இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரம் எந்த அட்டையும் கேக்காம பாத்தாங்க, ஏழையா பணக்காரனா, எந்த ஊருன்னு கூட பாக்கறதில்ல. 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, உண்மையிலயே நல்ல திட்டம். மாமா அதக் கேட்டுட்டு "ஏ மாப்ள, கொல்லைல விழுந்ததுக்கு ரோட்டுல விழுந்திருக்கலாம் போலருக்கே"ன்னாரு. வலிலயும் குசும்பு போவல.

என் ஆத்தாமை இதுதான். வார்டுல டாக்டரும் நர்ஸும் யாரையும் தரம் பிரிக்கல, பிரிக்கிறதெல்லாம் வெளிய இருக்குற பேப்பர். அந்தப் பேப்பரும் உண்மையச் சொல்லல, எல்லாருக்கும் ஒரே நம்பர். எல்லாருக்கும் ஒரே நம்பர்னா அத எதுக்குய்யா கேக்கணும்? ரேஷன் கடை அரிசிய இந்த ஊர்ல வருமானம் பாத்தா குடுக்குறாங்க? கேட்டா "ரூல்ஸ்ணே"ங்கிறான் கவுண்டர் தம்பி. அவனையும் சொல்லிக் குத்தமில்ல, அட்டை நம்பர் கிடைச்ச உடனே அன்னிக்கு ராத்திரியே அப்ரூவலுக்கு அனுப்பி, போன் பண்ணியும் சொன்னான்.

ஆபரேஷன் முடிஞ்சு மாமா வாக்கர் வச்சு நடக்குறாரு. ஊர்ல அப்பா அம்மா இருக்குறவங்க லீவுல போனா முதல் வேலையா அட்டை இருக்கா, எந்த ஆட்சில எடுத்த அட்டைன்னு பாருங்க. வி.ஏ.ஓ ஆபீஸுக்கு நீங்க போகாதீங்க, அவங்கள மட்டும் அனுப்புங்க. கலெக்டர் ஆபீஸுக்கு திங்கக்கிழமை போகவே போகாதீங்க, மனு நாள், உள்ள நுழையவே முடியாது.