புதுக்கோட்டை நகர் உலா: அம்மன் காசில் தொடங்கிய ஒரு நாள்

புதுக்கோட்டையில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் நடத்தும் ஒரு நாள் உலாவில் அண்மையில் குடும்பத்துடன் கலந்துகொண்டோம். ஆளுக்கு 600 ரூபாய். மதிய உணவும் வேன் கட்டணமும் அதில் அடக்கம்.

திருக்கோகர்ணம் கோயில் வாசலில் எங்களை நிறுத்திய வழிகாட்டி, முன்னுரை எதுவும் சொல்லாமல், என் மகளின் உள்ளங்கையில் ஒரு சிறு செப்புக் காசை வைத்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான அந்தக் காசின் ஒரு பக்கம் அமர்ந்த நிலையில் அக்கோயிலின் அம்மன் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் நவராத்திரி நாட்களில் ஏழைகளுக்கு அரிசியுடன் வழங்கிய இந்த அம்மன் காசு, ஓர் அணாவுக்கு 20 என்ற கணக்கில் கடைவீதியிலும் செல்லுபடியானது. திருவிழாவில் கொடுத்த காசே ஊரின் நாணயமாகவும் புழங்கியது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது, புத்தகத்தில் படித்தால் கிடைக்காத தெளிவு கிடைத்தது. பிரகதாம்பாளை ஊர்மக்கள் அரைக்காசு அம்மன் என்றே அழைக்கிறார்கள். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டி வெல்லம் நேர்ந்துகொள்வது வழக்கம். நாங்கள் நின்ற நேரத்திலேயே ஒரு பாட்டி, இலைத் துண்டில் வெல்லக்கட்டியை வைத்துக்கொண்டு சன்னதிக்கு விரைந்தார்.

அருகிலேயே உள்ள, 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியது நல்ல முடிவு. முதுமக்கள் தாழிகளின் முன் குழந்தைகள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் வழிகாட்டி பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, திவான் சேஷையா சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீரமைத்த நேர்த்தெருக்களின் வழியே நடந்து, இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக இயங்கும் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம்.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சித்தன்னவாசல் குகைக்கோயிலின் சமண ஓவியங்களுக்கு எங்களை நண்பகலில் அழைத்துச் சென்று, அரை மணி நேரத்தில் கிளப்பிவிட்டார்கள். விதானத்துத் தாமரைக் குளத்தில் மீன்களையும் அன்னங்களையும் பூப்பறிக்கும் அடியார்களையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கவே அந்த நேரம் போதவில்லை. சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு அந்த வெயிலில் ஏறும் எண்ணமே எங்களில் யாருக்கும் வரவில்லை.

திருவப்பூர் மாரியம்மனின் பூச்சொரிதலையும் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டையும் பற்றி வழிகாட்டி சொன்னவை அருமையானவை. ஆயினும் அவற்றை அந்தந்தப் பருவத்தில் சென்றே காண வேண்டும். வரும் நவராத்திரிக்கு மீண்டும் முன்பதிவு செய்திருக்கிறோம். சித்தன்னவாசலுக்குக் காலை முதல் வேலையாகச் செல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.