சிம்புதேவன் படம் என்றால் எனக்கு இன்னும் ஒரு சபலம்

சிம்புதேவன் இயக்கிய படங்களில் பாதியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அவர் அடுத்து ஒரு படம் எடுக்கிறார் என்று செய்தி வந்தால் முதல் நாளே டிக்கெட் போடுகிற ஆள்களில் நானும் ஒருவன். இந்த வியாதிக்குக் காரணம் என்ன என்று போன வாரம் புலி படத்தை மறுபடி உட்கார்ந்து பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. அதனால் இது புலி பற்றிய விமர்சனம் என்றும் சொல்லலாம், அவர் கடையில் இதுவரை வாங்கின எல்லாச் சரக்குக்குமான விமர்சனம் என்றும் சொல்லலாம்.

முதலில் மாயாஜாலப் படங்கள் மேல் எனக்கு இருக்கிற பித்து. அம்புலிமாமா படித்து வளர்ந்தவன். அதில் ஓவியர் சங்கர் வரைந்த விக்ரமாதித்தன், முதுகில் வேதாளத்தைத் தூக்கிக்கொண்டு கையில் வாளோடு நடக்கிற அந்தப் படம், அதற்குப் பிறகு எந்த கிராபிக்ஸும் எனக்குக் கொடுக்காத ஒரு பயத்தைக் கொடுத்தது. அம்புலிமாமா நடத்திய நாகிரெட்டி, சக்ரபாணி இருவரும்தான் பாதாள பைரவியும் மாயா பஜாரும் தயாரித்தார்கள் என்பது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. ஓ, எல்லாம் ஒரே சமையலறையிலிருந்துதான் வந்திருக்கிறது! அப்புறம் மாயாஜாலப் பட இயக்குநர் விட்டலாச்சார்யா. ஜகன்மோகினியில் அடுப்புக்குள் காலை விட்டு எரிக்கிற பேய் எல்லாம் இன்றைக்குப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அந்தத் தந்திரத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கையால் செய்திருக்கிறார் என்பது தெரியும், அது பிடிக்கும். கணினி வந்த பிறகு எடுத்த நம்மூர் மாயாஜாலப் படங்களில் அந்தக் கை தெரிவதில்லை. காசு தெரிகிறது, இல்லாவிட்டால் காசு போதவில்லை என்பது தெரிகிறது.

இந்த நிலைமையில்தான் ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் 2006இல் வடிவேலுவை ராஜாவாக்கி இம்சை அரசன் 23ஆம் புலிகேசியை எடுத்தார். ஷங்கர் தயாரிப்பு. கதை என்று பார்த்தால் உத்தமபுத்திரனின் இரட்டைப் பிறவிக் கதைதான், ஒருவன் அரண்மனையில் வளர்வான், இன்னொருவன் மக்களோடு வளர்வான், சூழ்ச்சிக்கார மாமா ஒருவர் இருப்பார். புதுசு எதுவும் இல்லை. ஆனால் படம் முழுக்க ஒவ்வொரு காட்சியும் ஒரு கார்ட்டூன் கட்டம் மாதிரி. ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஓவியர் ராஜாவை வரைகிறார். எதிரில் நிற்பதோ ஒல்லி உடம்பு வடிவேலு. படத்தில் வந்திருப்பது முறுக்கேறிய புஜமும் அகலமான மார்பும் உள்ள ஒரு பயில்வான், கழுத்துக்கு மேலே மட்டும் புலிகேசியின் மூஞ்சியும் அந்த மீசையும். ராஜா அதைப் பார்த்து மெய்மறந்து போகிறார். போஸ்டர், கட்அவுட் கலாசாரம் மொத்தத்தையும் அந்த ஒரு படத்துக்குள் வைத்து முடித்துவிட்டார் மனுஷன். அதற்கு வசனமே தேவையில்லை. வடிவேலு அந்த ஓவியத்தைப் பார்த்து முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பிப் பெருமைப்படுகிற விதம் இருக்கிறதே, அதை எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்க முடியாது.

சாதிச் சண்டை போடுவதற்கென்றே தனி மைதானம் கட்டித் திறந்து வைப்பது, அக்காமாலா, கப்ஸி என்று குளிர்பானம் விற்க வரும் வெள்ளைக்காரனுக்கு ராஜாவே விளம்பரத் தூதராவது, எதிரிப் படையைப் பார்த்ததும் வெள்ளைக்கொடி. இளவரசு மங்குனி அமைச்சராக வந்த பிறகு அந்தச் சொல் இன்றுவரை அரசியல் மேடையில் புழங்குகிறது. க க க போ இல்லாமல் நம்மூர் மீம் உலகமே இல்லை. படத்தின் இரண்டாம் பாதியில், நல்ல வடிவேலு அரியணையில் உட்கார்ந்து சீர்திருத்தம் பேச ஆரம்பித்ததும் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும் என்பது உண்மைதான். உக்கிரபுத்தன் நல்லவன், பாவம், நல்லவர்களை வைத்து சிம்புதேவனுக்கு எதுவும் செய்யத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புலிக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்து 2008இல் அறை எண் 305இல் கடவுள். திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குள் கடவுள் வந்து தங்குகிறார். பிரகாஷ்ராஜ் கடவுள், சந்தானமும் கஞ்சா கருப்பும் வேலை இல்லாத பையன்கள், கடவுளின் சக்தி எல்லாம் ஒரு பெட்டியில், அதை இவர்கள் அடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஐடியா ஹாலிவுட்டில் ஏற்கெனவே பார்த்ததை நினைவுபடுத்தும், இருக்கட்டும். மேன்ஷன் அறையின் புழுக்கம், மெஸ் கடன், வாடகை பாக்கி, இதெல்லாம் நிஜமாக இருந்ததால் நடுவில் கடவுள் வந்து நின்றபோது அவரும் நிஜமாகத் தெரிந்தார். முதல் பாதி அப்படி. இரண்டாம் பாதியில் எல்லாரும் எல்லாருக்கும் அறிவுரை சொல்கிறார்கள். கடவுள் சொல்கிறார், பையன்கள் திருந்திச் சொல்கிறார்கள். டிவியில் போட்டால் இடைவேளை வரைக்கும் பார்ப்பேன்.

இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம் எனக்கு ரொம்பப் பிடித்த, ஆனால் யாரிடமும் சண்டை போட்டு நிரூபிக்க முடியாத படம். 2010. தமிழ் பேசுகிற கௌபாய்கள். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரை ஓட்டிய கங்கா, ஜக்கம்மா மாதிரி படங்களும், முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸும் தெரிந்தவனுக்கு இது ஒரு தீபாவளி. ஊர் பெயரே ஜெய்சங்கர்புரம். வில்லன் நாசர், பெயர் கிழக்குக் கட்டை. கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தமிழில் இதைவிடப் பச்சையாக யாரும் கலாய்க்க முடியாது. லாரன்ஸ், தொப்பியும் துப்பாக்கியுமாக அசலாகவே அந்தக் காலத்து காமிக்ஸ் அட்டையிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருப்பார். செட்டுகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு சலாம், அந்த மரக்கட்டிடங்களும் சலூன் கதவும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எம்.எஸ்.பாஸ்கர் பழங்குடித் தலைவராக வந்து இல்லாத ஒரு பாஷையைப் பேசுவார், அப்போது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். இப்போது பார்த்தால் அந்தச் சிரிப்பு பாதிக்கு மேல் வரவில்லை. பழங்குடிகளைக் கோமாளியாக்குவது ஹாலிவுட் வெஸ்டர்ன் செய்த அதே தப்பு, அதைக் கேலி செய்ய வந்தவர் அதையே திருப்பிச் செய்திருக்கிறார். அப்புறம் படம் நீளம். காமிக்ஸ் என்றால் ஐந்து பக்கத்தைத் தாண்டிப் புரட்டிவிடலாம், தியேட்டரில் என்ன செய்வது?

ஒரு கன்னியும் மூன்று களவாணிகளும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே கதை நிமிஷக் கணக்கில் மாறி மூன்று விதமாக நடக்கும், ஜெர்மனிக்காரர்கள் 1998இல் ரன் லோலா ரன்னில் செய்து காட்டிய விளையாட்டு. மூன்றாவது தடவை வரும்போது நமக்கு முடிவு மட்டும் போதும் என்று ஆகிவிடுகிறது.

சரி, புலி. 2015 அக்டோபர் 1. பாகுபலி முதல் பாகம் ஜூலையில்தான் வந்து எல்லோர் கண்ணையும் பெரிதாக்கிவிட்டுப் போயிருந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் விஜய், ஸ்ரீதேவி, சுதீப், ஸ்ருதி, ஹன்சிகா, தேவிஸ்ரீபிரசாத் இசை என்று இவர் ஒரு மாய உலகத்தைக் கொண்டு வருகிறார். விடியற்காலைக் காட்சி ரத்து, வருமான வரிச் சோதனை என்று செய்தி, தியேட்டர் வாசலில் கூட்டம் காய்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே போய் உட்காரும்போதே பாதிப் பேர் கடுப்பில் இருந்தார்கள்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு காட்சி. நீலக்கண்ணும் கோரைப்பல்லுமாக வேதாளங்கள் ஊருக்குள் வந்து அட்டகாசம் செய்கின்றன. மருதீரன், அதாவது விஜய், தனியாக அவர்களிடம் மாட்டும்போது காலில் விழுந்து கெஞ்சுகிறார். புகழ்கிறார், அழுகிறார், விட்டுவிடச் சொல்லி மன்றாடுகிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் இது புலிகேசி! ஒரு மாஸ் ஹீரோவை அந்தப் பழைய கார்ட்டூன் கட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன். என் பின்வரிசையில் மாலையோடு வந்திருந்த பையன்களிடம் சத்தமே இல்லை. ஒருத்தன் மட்டும் மெதுவாக, "அண்ணன் எதுக்குடா கால்ல விழுறாரு?" என்று கேட்டான், பதில் சொல்ல ஆளில்லை.

படத்தின் பிரச்சினை மொத்தமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்குப் பயந்துகொண்டு மீதிப் படம் ஓடுகிறது. காதலி பவழமல்லியை வேதாளங்கள் தூக்கிக்கொண்டு போகின்றன, மருதீரன் தேடிப் போகிறான், வழியில் சித்திரக்குள்ளர்கள், பேசும் ஆமை, ஒற்றைக்கண் அரக்கன். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு நல்ல கட்டம். ஆனால் எந்தக் கட்டத்திலும் கோமாளியாக இருக்க ஹீரோவுக்கு அனுமதி இல்லை. இந்தப் பக்கம் சத்யனும் தம்பி ராமையாவும் காமெடி பார்த்துக்கொள்கிறார்கள், அந்தப் பக்கம் விஜய் நடனமும் சண்டையும். போதாததற்கு புலிவேந்தன் என்று அப்பா வேடம் வேறு, பிளாஷ்பேக்கில் வந்து நல்லவராக நிற்கிறார். உக்கிரபுத்தன் ஞாபகம் வந்ததா?

ராஜமௌலியின் நான் ஈயோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கேயும் நம்ப முடியாத சரக்குதான், செத்தவன் ஈயாகப் பிறந்து பழிவாங்குகிறான், வில்லனாக இதே சுதீப். ஆனால் ஈ என்றால் ஈதான். அதன் எடை, அதன் பலம், அதற்கு எது ஆபத்து என்பதை விட்டு இம்மியளவும் விலக மாட்டார். புலியில் ஆமை பேசும் என்றால் ஏன் பேசுகிறது, வேறு மிருகங்களும் பேசுமா, வேதாளத்துக்கு எது பலம், எது பலவீனம், எதற்கும் சட்டதிட்டம் இல்லை. அடுத்த கதவைத் திறந்தால் அடுத்த பொம்மை. கையால் செய்த தந்திரமாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்வேன், அந்த ஆமை தண்ணீரில் இருக்கிற மாதிரியே தெரியவில்லை, தண்ணீரின் மேல் ஒட்டின மாதிரி இருக்கிறது.

ஸ்ரீதேவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். யவனராணியாக அந்தக் கிரீடத்தையும் கனமான உடையையும் சுமந்துகொண்டு, இந்தப் படம் எந்த மாதிரிப் படம் என்பது தெரிந்து நடித்தவர் அவர் ஒருவர்தான். அம்புலிமாமாவின் சூனியக்காரி அப்படியே. கண்ணை மெதுவாக உருட்டி, சொல்லை அறுத்து அறுத்துப் பேசி, கொஞ்சம் மிகையாகவே செய்தார். மிகைதான் அங்கே வேண்டும். படம் அவரை மையமாக வைத்து, மருதீரனைக் காலில் விழுகிற பயந்தாங்கொள்ளியாகவே கடைசி வரை விட்டிருந்தால்? அந்தப் படத்தை நான் மனசுக்குள் எடுத்து வைத்திருக்கிறேன், நன்றாக ஓடியது.

ஸ்டார் படம் எடுக்கப் போனால் அப்படித்தான், அவருடைய தப்பில்லை என்று சிம்புதேவனுக்கு வக்காலத்து வாங்கும் நண்பர்கள் உண்டு. பாதி சரி. மீதிப் பாதி, அவருக்கு ஐடியா வந்துவிட்டால் அதை விட மனசு வராது. கார்ட்டூனில் ஒரு மூலையில் குட்டியாக ஒரு எலியை வரைந்து அது ஒரு கமென்ட் அடிக்கிற மாதிரி வைப்பார்கள், வாசகன் கண்டுபிடித்துச் சிரிப்பான். இவர் அந்த எலிக்கும் ஒரு காட்சி கொடுத்து, பாட்டும் கொடுத்துவிடுவார். புலியில் ஜிங்கிலியா பாட்டு அப்படித்தான் வந்தது.

கசட தபற ஓடிடியில் 2021இல் வந்தது. ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற ஆறு கதைகள், மாயாஜாலம் கிடையாது. அதில் ஒரு கட்டுப்பாடு தெரிந்தது, ஆனால் அந்தக் கிறுக்குத்தனம் குறைந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம். மனுஷன் எப்படி எடுத்தாலும் எனக்குக் குறைதான் போலிருக்கிறது.

கடைசியாக 2024இல் போட். 1943, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே அலறிய நேரம், யோகிபாபுவின் துடுப்புப் படகில் பத்துப் பேர் ஏறிக் கடலுக்குள் தப்பிக்கிறார்கள். ஒரு படகு, சுற்றிலும் தண்ணீர், ஓட்டை, யார் இறங்குவது என்ற சண்டை. இதில் வேதாளமும் இல்லை, ஆமையும் இல்லை. ஆனால் எனக்கு இதுதான் புலிகேசிக்கு அடுத்தபடியாக அவருடைய சொந்தப் படம். ஏனென்றால் படகே ஒரு கட்டம். சாதிக்கொருவர், மதத்துக்கொருவர், மொழிக்கொருவர் என்று உட்கார வைத்து இந்தியா முழுவதையும் ஒரு கார்ட்டூனுக்குள் அடைக்கிறார், நடுவில் மீனவனாக யோகிபாபு, சக்தி எதுவும் இல்லாத ஆள். குறை? எல்லாரும் முறை வைத்துப் பேசுகிறார்கள். வரலாற்றுப் பாடம், சமத்துவப் பாடம், நாடக மேடை மாதிரி ஒருவர் முடித்ததும் அடுத்தவர். வெள்ளைக்காரச் சிப்பாயும் பேசுகிறார். படகு ஆடுவது நின்றுவிட்டால் நமக்குப் பயமும் நின்றுவிடுகிறது. ஆனால் கடலில் போய் நிஜமாக எடுத்திருக்கிறார்கள், உப்புக்காற்று முகங்களில் தெரிகிறது, நான் கேட்ட அந்தக் கை இதில் இருக்கிறது.

யாருக்காவது இவரை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் புலிகேசியை முழுதாகப் போடுங்கள், அப்புறம் இரும்புக்கோட்டையின் முதல் ஒரு மணி நேரம், பிறகு போட். புலியை ஸ்ரீதேவிக்காகப் பார்க்கலாம், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு ஆமையில் எந்தக் குறையும் தெரியாது. 24ஆம் புலிகேசி என்று ஒன்று ஆரம்பித்து நின்றுபோனது, அதன் பஞ்சாயத்துகள் எல்லோருக்கும் தெரியும். அது இனிமேல் வரும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. வந்தால் முதல் நாள் முதல் காட்சி, எவ்வளவு நீளம் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வேன்.