வீட்டிலிருந்து ஓடும் இணையதளம் வெளியில் திறக்கவில்லையா? பட்டர்வொர்த்திலிருந்து என் அனுபவம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் வீட்டு அலமாரியில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்பமும் தோட்டத்துப் பழைய அண்டை வீட்டாரும் பத்திரமாக வைத்திருந்த படங்களை ஸ்கேன் செய்து, அதில் ஒரு சின்ன இணையதளமாகப் போட்டிருக்கிறேன். லயத்து வீடுகள், பால்மரக் காடு, தோட்டத்துக் கோயில் திருவிழா எல்லாம் இனி படத்தில்தான் பார்க்க முடியும். கிள்ளானிலும் ஜொகூரிலும் போய்க் குடியேறியவர்கள் எந்த நேரம் தட்டினாலும் அது திறக்க வேண்டும்.

சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்ததில் சொல்கிறேன்: சர்வர் படுத்துக்கொள்வது அபூர்வம். பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் அதன் பாட்டுக்கு ஓடும். தொல்லையெல்லாம் வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில்தான்.

கிள்ளானில் இருக்கும் சித்தப்பா மகன் ஒருநாள் கூப்பிட்டான். “அண்ணே, உங்க சைட் திறக்கல.”

“சுத்திக்கிட்டே இருக்கா, இல்ல உடனே பிழை காட்டுதா?”

“சுத்திக்கிட்டே இருக்குண்ணே.”

இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், கோரிக்கை எங்கேயோ ஒரு கருவி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) கேட்க ஆளில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது முதலில் என்ஜின்எக்ஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் கடந்தது என்று வந்தால், கோரிக்கை வழியிலேயே காணாமல் போகிறது. ரவுட்டர், ஃபயர்வால், முகவரி மூன்றையும்தான் சந்தேகப்பட வேண்டும். பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் விவகாரம்.

அடுத்தது, சோதனையை வீட்டு வைஃபையில் செய்யாதீர்கள். பல ரவுட்டர்கள், உள்ளே இருந்துகொண்டே சொந்த வெளி முகவரியைத் தட்டினால் திருப்பி அனுப்பத் தெரியாதவை. ஊரெல்லாம் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், உங்களுக்கு மட்டும் திறக்காது. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதுதான் வெளியாள் பார்வை.

அன்று அவனுக்குத் திறக்காததன் காரணம் மின்தடை. இடி மழையில் கரண்ட் போய் வந்ததும் இணையத்தில் ரவுட்டருக்குப் புது ஐபி (முகவரி எண்), வீட்டுக்குள் ராஸ்பெரி பைக்கும் புது ஐபி. வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடும் ரவுட்டரின் போர்ட் திறப்பு விதி, இன்னமும் 192.168 என்று தொடங்கும் பழைய உள் முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. உள் முகவரியை, வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. வெளி முகவரிக்கு, மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டக்டிஎன்எஸ் சேவையை வைத்தேன், புது ஐபியைத் தானே பதிந்துகொள்ளும். அந்த இணைப்பு இருந்தவரை இரண்டும் குறை வைக்கவில்லை.

அப்புறம் இணையச் சேவை நிறுவனத்தை மாற்றினேன். அமைப்பெல்லாம் சரி, ஆனால் வெளியிலிருந்து ஈ, காக்கைகூட உள்ளே வரவில்லை. சேவை மையத்தில் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். வீட்டில் இணையம் நன்றாக வருகிறது, வெளியார்தான் உள்ளே வர முடியவில்லை என்றால், அணைத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது?

இந்த இடத்தில் செய்ய வேண்டிய சோதனை எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) ஐபி என்று ஒன்று இருக்கும், ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி அது. உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவதொரு தளத்தில் தெரியும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் ஏற்பாடு அது. பழைய வகை ஐபியான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் தாராளமாகக் கொடுப்பது 2011 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. சிஜிநாட்டுக்கென்றே அந்த எண் வரிசையை 2012இல் ஒதுக்கினார்கள். இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. கதவு இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் வேறு கதை. நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரையும் வைத்திருப்பீர்கள். அந்தப் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பொது ஐபி கேட்டால் சில நிறுவனங்கள் தரும், கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைக்காததால், கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர் வழியாகத் தளத்தைக் காட்டும் கிளவுட்ஃப்ளேர் டனலுக்கு மாறினேன். இதில் ராஸ்பெரி பையே உள்ளிருந்து வெளியே இணைப்பைத் தொடங்குகிறது, அதனால் சிஜிநாட் தடையில்லை, ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம், ஐபி மாறினாலும் கவலையில்லை. கோளாறு கண்டுபிடிப்பதும் சுலபம். 1033 என்ற பிழை வந்தால் டனலே இணைப்பில் இல்லை. 502 வந்தால் பெரும்பாலும் டனல் இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் என்ஜின்எக்ஸ்தான் பதில் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. தரவைப் பூட்டி அனுப்பும் குறியாக்கம் கிளவுட்ஃப்ளேர் சர்வரில் திறக்கப்படுவதால், போகிற வருகிற தரவை அவர்களால் பார்க்க முடியும். எல்லாருக்கும் காட்டும் படங்களுக்கு எனக்குச் சம்மதம், குடும்ப ஆவணங்களை இதன் வழி வைக்க மாட்டேன். இலவசத் திட்டத்தில் ஒரே முறையில் 100 எம்பிக்கு மேல் பதிவேற்றவும் முடியாது. தோட்டத்துத் திருமண வீடியோக்களை அனுப்ப நினைத்தவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். பென்டிரைவில் வாங்கிக்கொள்கிறேன்.

டனல் இல்லாமல் போர்ட் திறந்தே ஓட்டுபவர்கள், தளத்தின் https பூட்டுக்கான சான்றிதழையும் கவனியுங்கள். இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ் எனக்கு 90 நாள் செல்லுபடியாகும் வகையில்தான் கிடைத்தது. காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் இணையச் சேவை நிறுவனம் 80ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருந்தால், அதன் வழியாகச் சரிபார்க்கும் வழக்கமான புதுப்பிப்பு நடக்காது. டிஎன்எஸ் பதிவு வழியாகச் சரிபார்க்கும் முறைக்கு மாற்றிவிடுங்கள், அதற்கு எந்தப் போர்ட்டும் திறந்திருக்கத் தேவையில்லை.