நகர மறுக்கும் பிரிகோடு: ஸ்விங், கியூடி, டபிள்யூபிஎஃப் ஓர் ஒப்பீடு

ஒரு செயலியின் சாளரத்தில் இரண்டு பலகங்களுக்கு நடுவிலுள்ள, இழுத்து நகர்த்தும் பிரிகோடு ஓரிடத்துக்கு மேல் நகராவிட்டால், நாம் முதலில் சந்தேகிப்பது அந்தக் கோட்டைத்தான். ஆனால் செயலிகளின் திரையமைப்பை எழுத உதவும் ஸ்விங், கியூடி, டபிள்யூபிஎஃப் ஆகிய மூன்று கருவித்தொகுப்புகளிலும் நான் பார்த்தவரையில் கோளாறு பெரும்பாலும் பலகத்துக்குள் இருக்கும் உறுப்பின் குறைந்தபட்ச அளவிலோ, கோட்டின் இடத்தை நிரலில் குறித்த நேரத்திலோதான் ஒளிந்திருக்கிறது.

நேரம் தொடர்பான சிக்கல் ஜாவா மொழிக்கான ஸ்விங்கின் பிரிபலக உறுப்பான ஜேஸ்ப்ளிட்பேனில்தான் அதிகம். கோட்டை 0.3 என்ற விகிதத்தில் வைக்கும்படி கன்ஸ்ட்ரக்டரிலேயே (சாளரத்தை உருவாக்கும் தொடக்க நிரலிலேயே) எழுதிவிட்டால், அப்போது பலகத்தின் அகலம் சுழியம் என்பதால் அந்தக் கட்டளை பயனற்றுப் போகிறது. சாளரம் திரையில் தோன்றிய பிறகு அதை இட்டால் சரியாக வேலை செய்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1.0 என்று எழுதினால் கோடு வலது ஓரத்துக்குப் போகும், வெறும் 1 என்று எழுதினால் இடது ஓரத்திலிருந்து ஒரே ஒரு பிக்சல் தள்ளி நிற்கும். இந்தப் புள்ளியைத் தவறவிட்டு அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். சாளரத்தைப் பெரிதாக்கும்போது கூடுதல் இடம் முழுவதும் வலப்பக்கத்துக்கே போவதும் பிழையன்று. கூடுதல் இடத்தில் இடப்பக்கத்தின் பங்கைக் குறிக்கும் ரீசைஸ் வெயிட்டின் இயல்பு மதிப்பு 0 என்பதே காரணம்.

கியூடியில் இதே வேலையைச் செய்யும் கியூஸ்ப்ளிட்டரில் தொடக்க அளவுகளைக் கொடுப்பது எளிது, ஏனெனில் கொடுத்த எண்களின் கூட்டுத்தொகை மொத்த அகலத்தோடு பொருந்தாவிட்டாலும் அது அவற்றை விகிதமாக எடுத்துக்கொண்டு இடத்தைப் பங்கிடுகிறது. இங்கே தொல்லை தருவது குறைந்தபட்ச அளவு: இடப் பலகத்தில் நீண்ட கோப்புப் பாதையைக் காட்டும் ஒரு லேபிள் இருந்தால், அந்த வரியின் நீளத்துக்குக் கீழே பலகம் சுருங்காது. லேபிளின் கிடைமட்ட அளவுக் கொள்கையை 'இக்னோர்ட்' (உள்ளடக்கத்தின் அளவைப் பொருட்படுத்தாதே) என்று மாற்றினால் கோடு தாராளமாக நகரும். பலகம் திடீரென்று மறைந்துவிட்டதாகப் பயனர்கள் சொன்னால், கோட்டை ஓரம்வரை இழுத்தால் பலகம் மடங்கி மறையும் வசதி இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதை நினைவில் கொண்டு அதை அணைத்துவிடலாம்.

டபிள்யூபிஎஃப்பின் பிரிகோடான கிரிட்ஸ்ப்ளிட்டருக்குத் தனியாக ஒரு 'ஆட்டோ' (உள்ளடக்கத்துக்கேற்ப அகலம் கொள்ளும்) நெடுவரிசை கொடுத்து, அந்தக் கோட்டின் இயல்பான வலப்பக்க ஒழுங்கமைவை 'ஸ்ட்ரெட்ச்' (இடம் முழுவதும் நிரப்பு) என்று மாற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். பலகத்தின் குறைந்தபட்ச அகலத்தையும் அது இருக்கும் நெடுவரிசையின் மீதே குறித்துவிடலாம்.

புதிதாகத் தொடங்கும் செயலிக்கு நான் கியூஸ்ப்ளிட்டரையே தேர்ந்தெடுப்பேன். பயனர் இழுத்து வைத்த நிலையைச் சேமிக்கவும் மீட்கவும் அதில் தலா ஒரு கட்டளையே போதும். மற்ற இரண்டிலும் அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.